டொலருக்குத் திறக்கும் கதவும் இருபத்தேழு வருட இகாமாவும்

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை. ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். எங்கள் தெருவில் இருக்கும் நானா ஒருவர் நான்காக மடித்த ஒரு போட்டோ கொப்பியை என் கையில் வைத்தார்.

"சேர், இத ஒருக்கா வாசிச்சுச் சொல்லுங்க. வெள்ளக்காரர் புத்தளத்துல கொப்பி எடுத்துட்டு வரச் சொன்னாரு. நான் எனக்கும் ஒண்டு எடுத்துட்டேன்."

நானா கற்பிட்டிப் பக்கம், கடலை ஒட்டிய ஒரு வீட்டில் காவலாளியாக இருக்கிறார். அந்த வீட்டைக் குத்தகைக்கு எடுத்திருப்பவர் ஓய்வுபெற்ற ஓர் ஐரோப்பியர். வியாழன் பின்னேரம் நானா பாலாவிச் சந்திக்கு வந்து பஸ் மாறி முந்தலுக்கு வருவார்; சனிக்கிழமை காலையில் திரும்பிப் போய்விடுவார். அவர் தந்த தாளில் இருந்தவை, வெளிநாட்டவர் தமது ஓய்வுக் காலத்தை இலங்கையில் கழிப்பதற்கான விசாவின் நிபந்தனைகள். 'மை ட்ரீம் ஹோம்' என்று பெயர். என் கனவு இல்லம்.

நிபந்தனைகளை அவருக்குத் தமிழில் சொன்னேன். வயது 55ஐத் தாண்டியிருக்க வேண்டும். இலங்கை வங்கியொன்றில் 15,000 டொலர் வைப்பிலிட வேண்டும். அதோடு மாதாமாதம் 1,500 டொலர் வெளிநாட்டிலிருந்து இங்கு வரவேண்டும். மனைவியும் கூட இருந்தால் அவருக்காக இன்னும் 750. இவை சரியாக இருந்தால் இரண்டு வருட வதிவிட விசா, பிறகு புதுப்பிக்கலாம். டொலரை 300 ரூபா என்று வைத்துக்கொண்டால் வைப்புப் பணம் 45 இலட்சம், மாத வரவு நாலரை இலட்சம். அந்த ஒரு மாத வரவைச் சம்பாதிக்க என்னைப் போன்ற ஆசிரியர் ஒருவருக்கு அரை வருடத்துக்கு மேல் வேண்டும் என்பதையும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"அவருக்கு எத்தின வயசு நானா?"

"அறுபத்திரெண்டு. எனக்கும் அறுபத்திரெண்டுதான் சேர்."

அந்தப் பதில்தான் இதை எழுத வைத்தது.

நானா மன்னார்த் தீவில் பிறந்தவர். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றியபோது மன்னார்த் தீவு மக்களில் பெரும்பாலானோர் வள்ளங்களில் ஏறிக் கற்பிட்டிக் கரைக்கு வந்தார்கள். அவரும் அப்படித்தான் வந்தார். கிடுகுக் கொட்டிலில் மூன்று வருடம். 1993இல் வீட்டு ஓட்டுநர் விசாவில் றியாத். 2020 ஆரம்பத்தில், கொரோனாவுக்காக விமான நிலையம் மூடப்படுவதற்குச் சில கிழமைகளுக்கு முன்பு, ஃபைனல் எக்சிட் அடித்துத் திரும்பி வந்தார். கபீல் மௌத்தாகி, பிள்ளைகள் இளம் ஓட்டுநர் ஒருவரை எடுத்துக்கொண்டார்கள். கபீலின் மனைவி இவருடைய கையில் ஒரு கவரைக் கொடுத்து அழுதாராம். அந்தக் குடும்பத்தைப் பற்றி இன்றுவரை அவர் ஒரு குறை சொன்னதில்லை.

இருபத்தேழு வருடம் என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். உண்மையில் அது, பெரும்பாலும் ஒவ்வொரு வருடத்துக்கென்று கொடுக்கப்பட்டு, ஒவ்வொரு தடவையும் இன்னொரு மனிதரின் கையொப்பத்தில் புதுப்பிக்கப்பட்ட அனுமதி. இருபத்தாறு தடவை புதுப்பித்தவருக்கு இருபத்தேழாவது தடவையில் கூடுதலான உரிமை எதுவும் கிடையாது. நேற்று விமானத்திலிருந்து இறங்கிய ஓட்டுநரும் அவரும் சட்டத்தின் கண்ணுக்கு ஒன்றுதான்.

சரி, எங்கள் நாட்டின் கதவுக்கு முதலில் வருவோம். கனவு இல்ல விசா ஒன்றுதான் இருக்கிறது என்று நினைக்காதீர்கள். 'ரெசிடென்ட் கெஸ்ட்' என்றொரு திட்டத்தில் முதலீட்டாளருக்கு 250,000 டொலர் கேட்கிறார்கள். 2022 ஏப்ரலில் 'கோல்டன் பாரடைஸ் விசா' வந்தது: 100,000 டொலரை இங்குள்ள வங்கியில் வைப்பவருக்குப் பத்து வருடம் தங்கவும் தொழில் செய்யவும் அனுமதி. 75,000 டொலருக்கு அடுக்குமாடி வீடு வாங்கினால் ஐந்து வருடம். எந்த மாதம் என்று பாருங்கள். வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்த முடியாது என்று ஏப்ரல் 12ஆம் திகதி அறிவித்த அதே மாதம். நாங்கள் மதுரங்குளியில் எரிவாயு சிலிண்டருடன் வரிசையில் நின்ற காலம். கையில் எதுவும் இல்லாதபோது விற்பதற்கு மிஞ்சியிருந்தது நாட்டில் தங்கியிருக்கும் அனுமதி மட்டும்தான்.

இதை நான் குற்றமாகச் சொல்லவில்லை. உலகம் முழுக்க இது நடக்கிறது. தாய்லாந்து 50 வயதைத் தாண்டியவரிடம் 800,000 பாத் வங்கி இருப்பு அல்லது மாதம் 65,000 பாத் வருமானம் கேட்கிறது. மலேசியாவின் 'மலேசியா மை செகண்ட் ஹோம்' திட்டம் எங்கள் கொழும்பு வர்த்தகர்கள் சிலருக்கு நன்றாகத் தெரிந்தது. முஸ்லிம் நாடு, ஹலால் சாப்பாடு, பிள்ளைகளுக்குப் பல்கலைக்கழகம் என்று அங்கே கண் வைத்தவர்கள் இருக்கிறார்கள். 2021இல் மாத வருமான நிபந்தனையை 40,000 ரிங்கிட்டுக்கு ஒரேயடியாக உயர்த்தினார்கள். 2024இல் அதை மாற்றி வெள்ளி, தங்கம், பிளாட்டினம் என்று தரம் பிரித்தார்கள். வெள்ளிக்கே 150,000 டொலர் வைப்பு, பிளாட்டினத்துக்குப் பத்து இலட்சம் டொலர். நகைக் கடையில் விலைப் பட்டியல் பார்ப்பது போல் இருக்கிறது.

கற்பிட்டியில் வந்து தங்கும் வெள்ளைக்காரர்கள் மீதும் எனக்குக் கோபமில்லை. பட்டம் கட்டிய பலகையில் அலையில் ஓடுகிறவர்களும் அவர்களுக்கு அறை கொடுப்பவர்களுமாக அந்தக் கரையில் பலருக்குச் சோறு கிடைக்கிறது. நானாவுக்கும் கிடைக்கிறது. அந்த ஐரோப்பியர் சம்பளத்தை முதலாம் திகதியே கொடுப்பவர், பெருநாளைக்கு ஐந்து நாள் லீவும் கொடுத்தார். வெளிநாட்டவர் இங்கே காணியைச் சொந்தமாக வாங்குவதை 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம் தடுக்கிறது, குத்தகைதான் எடுக்கலாம். அந்தச் சட்டம் இருக்கும்வரை ஓரளவு நிம்மதி. ஆனாலும் கற்பிட்டியைச் சுற்றியுள்ள 14 தீவுகளை உல்லாசப் பயணத்துக்காக ஒதுக்கிய திட்டத்தை எதிர்த்துக் கடற்றொழிலாளர்கள் போராடியதை இங்கே யாரும் மறக்கவில்லை. வந்தவருக்கு இடம் கொடுப்பது வேறு, இருந்தவரை நகர்த்தி இடம் கொடுப்பது வேறு.

எது நடந்தால் இந்த ஏற்பாடு கெட்டுப்போகும் என்பதை 2024 பெப்ரவரியில் பார்த்தோம். யுத்தத்தைத் தொடர்ந்து இரண்டு வருடங்களில் 288,000க்கும் கூடுதலான ரஷ்யர்களும் இருபதாயிரம் அளவிலான உக்ரேனியர்களும் இலங்கைக்கு வந்து போயிருந்தார்கள். பலர் விசாவை நீடித்து நீடித்துத் தங்கினார்கள். உணவட்டுனவில் வெள்ளையருக்கு மட்டும் என்று ஒரு விருந்துக்கு விளம்பரம் செய்தபோது நாடு கொதித்தது. விசா நீடிப்பு முடிந்தது, இரண்டு கிழமைக்குள் புறப்படுங்கள் என்று குடிவரவுத் திணைக்களம் அறிவிக்க, அமைச்சரவையைக் கேட்காமல் எப்படி அறிவித்தீர்கள் என்று அன்றைய ஜனாதிபதி விசாரணைக்கு உத்தரவிட்டார். அதே வருடம் இணைய விசாவை வெளிநாட்டு நிறுவனத்திடம் கொடுத்த ஒப்பந்தத்தை உயர் நீதிமன்றம் ஓகஸ்டில் இடைநிறுத்தியது. விசா விவகாரத்தில் எங்கள் அரசாங்கங்களிடம் இருந்தது கொள்கையா, அன்றன்றைய தேவையா என்று கேட்டால் இரண்டாவதைத்தான் சொல்ல வேண்டும்.

இனி மற்றக் கதவு. வளைகுடா.

எங்கள் வகுப்பறைகளில் பாதிக்குக் கிட்டப் பிள்ளைகளின் வாப்பாவோ உம்மாவோ அங்கே இருக்கிறார்கள். அந்த நாடுகளும் இப்போது நீண்டகால வதிவிடத்தைத் திறந்திருக்கின்றன. செய்தி வரும்போதெல்லாம் எங்கள் வட்ஸ்அப் குழுக்களில் 'மாஷா அல்லாஹ், இனிக் கபீல் முறை இல்லை' என்று பரவுகிறது. நிபந்தனையை யாரும் பரப்புவதில்லை. சவூதி 2019இல் பிரீமியம் இகாமாவை அறிமுகப்படுத்தியபோது கால எல்லையற்ற அனுமதிக்கு 800,000 ரியால், வருடாந்த அனுமதிக்கு 100,000 ரியால். 2024 ஜனவரியில் புதிய பிரிவுகள் சேர்த்தார்கள். வீட்டு உரிமையாளர் பிரிவுக்கு 40 இலட்சம் ரியால் பெறுமதியான சொத்து வேண்டும். ஐக்கிய அரபு அமீரகம் 55 வயதைத் தாண்டியவர்களுக்கு ஐந்து வருட ஓய்வு விசாவை 2018இல் அறிவித்தது. அப்போது கேட்டது இருபது இலட்சம் திர்ஹம் சொத்து, அல்லது பத்து இலட்சம் திர்ஹம் சேமிப்பு, அல்லது மாதம் 20,000 திர்ஹம் வருமானம். டுபாயில் முப்பது வருடம் சோனாப்பூர் முகாமில் கட்டிலுக்கு மேல் கட்டிலில் படுத்து எழும்பியவருக்கு இதில் எது இருக்கும்?

கட்டார் மட்டும் ஓரளவு வித்தியாசம். அங்கே 2018ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டம் இருந்த ஆண்டுகளையும் கணக்கில் எடுக்கிறது: வெளியே பிறந்தவர் இருபது வருடம் அங்கே வசித்திருந்தால் நிரந்தர வதிவிடத்துக்கு விண்ணப்பிக்கலாம். போதிய வருமானமும் அரபு அறிவும் வேண்டும். வருடத்துக்கு எத்தனை பேருக்கு? ஆகக் கூடியது நூறு பேருக்கு. நாட்டில் இருப்பவர்களில் பெரும்பான்மையானோர் வெளிநாட்டவர் என்பதை நினைத்துக்கொண்டு இந்த நூறைப் பாருங்கள்.

குவைத்தின் கதை வயதானவர்களுக்கு நேரடியாகவே நடந்தது. 60 வயதைத் தாண்டிய, பட்டம் இல்லாத வெளிநாட்டவரின் தொழில் அனுமதியைப் புதுப்பிக்க முடியாது என்று 2021 ஜனவரியில் நடைமுறைப்படுத்தினார்கள். சட்ட ஆலோசனைத் திணைக்களம் அது செல்லாது என்றது. 2022இல் 250 தினார் மேலதிகக் கட்டணமும் தனியார் மருத்துவக் காப்புறுதியும் எடுத்தால் இருக்கலாம் என்று மாற்றினார்கள். அந்த ஒரு வருட இடைவெளியில் பெட்டி கட்டிக்கொண்டு வந்தவர்கள் எங்கள் பக்கத்திலும் உண்டு. கடையைக் கூட்டி, தேநீர் ஊற்றி, லொறி ஓட்டி அந்த நகரத்தின் ஒவ்வொரு முடுக்கையும் அறிந்தவர்கள்.

குடும்பத்தோடு இருந்தவர்களையும் பார்த்தோம். 2017 ஜூலையில் சவூதி, கூட இருக்கும் குடும்ப அங்கத்தவர் ஒருவருக்கு மாதம் 100 ரியால் கட்டணம் போட்டது. வருடாவருடம் கூட்டி 2020இல் 400 ஆக்கினார்கள். மனைவியும் மூன்று பிள்ளைகளும் என்றால் வருடத்துக்கு 19,200 ரியால். அந்த வருடங்களில் தவணையின் நடுவில் ஜித்தாவிலிருந்தும் தம்மாமிலிருந்தும் வந்த பிள்ளைகளை எங்கள் பாடசாலையில் சேர்த்துக்கொண்டோம். ஆங்கிலமும் அரபும் பேசும், தமிழ் எழுதத் தெரியாத பிள்ளைகள். என் தரம் எட்டு வகுப்பில் ஒரு பிள்ளை குடியியல் பாடத்தில் 'எனது நாடு' என்று எழுதச் சொன்னபோது பேனாவை வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தது. பயிற்சிக் கலாசாலையில் இதற்கு எங்களுக்கு எதுவும் கற்பித்திருக்கவில்லை.

இதில் சவூதியையோ குவைத்தையோ ஏசிப் பிரயோசனமில்லை. யார் தங்கலாம் என்று தீர்மானிப்பது அந்தந்த நாட்டின் உரிமை. நாங்களும் 1948, 1949 குடியுரிமைச் சட்டங்களால் இந்த மண்ணில் தலைமுறையாக உழைத்த மலையக மக்களை நாடற்றவர்களாக்கிய நாட்டைச் சேர்ந்தவர்கள்தான். காயல்பட்டினத்திலிருந்தும் கீழக்கரையிலிருந்தும் வந்து வியாபாரம் செய்த முஸ்லிம்களுக்குத் தற்காலிக வதிவிட அனுமதி என்ற தாளைக் கொடுத்துப் புதுப்பிக்க அலைய வைத்தவர்களும்தான். ஆனால் எங்கள் ஆட்களிடம் ஒரு மயக்கம் இருக்கிறது. ஹரம் ஷரீஃப் இருக்கும் பூமி, பாங்கு கேட்கும் பூமி, அதனால் அது எப்படியோ எங்களுடையது என்ற மயக்கம். உம்மத் என்பது ஈமானின் உறவு. அது கடவுச்சீட்டில் முத்திரையாக விழாது. இந்த வேறுபாட்டை முப்பது வயதில் விளங்கிக்கொண்டவர் தன் ஐம்பத்தேழாவது வயதுக்கு ஏதாவது தயார் செய்திருப்பார்.

அன்று அஸர்வரை நானாவும் நானும் என் வீட்டுத் திண்ணையில் இருந்து ஒரு கணக்குப் போட்டோம். 600 ரியாலில் தொடங்கி 1,800 ரியாலில் முடித்தவர். சாப்பாடும் அறையும் கபீல் வீட்டில். ஆகவே சராசரியாக மாதம் 1,000 ரியால் அனுப்பினார் என்று வைத்தோம். லீவில் வந்த மாதங்களைக் கழிக்கவில்லை. அதற்கு ஈடாகச் சராசரியைக் கொஞ்சம் குறைத்தே போட்டோம். 324 மாதம், 324,000 ரியால். ரியால் 1986இலிருந்து டொலருக்கு 3.75 என்றே நிற்பதால் மாற்றுவது சுலபம். 86,400 டொலர்.

"அப்ப எனக்குக் கோல்டன் விசா கெடைக்காதா சேர்?"

"இன்னும் 13,600 டொலர் கொறையுது நானா."

இந்தத் தடவை சிரித்தார். ஆனால் கனவு இல்ல விசாவின் வைப்புப் பணத்தைப் போல் ஐந்து மடங்குக்கும் மேல் அவர் இந்த நாட்டுக்குள் கொண்டுவந்திருக்கிறார். இரண்டுக்கும் இன்னொரு வித்தியாசமும் உண்டு. ஐரோப்பியரின் 15,000 டொலர் வங்கியில் அவருடைய பெயரிலேயே இருக்கும். போகும்போது எடுத்துக்கொண்டு போவார். நானாவின் 86,400 டொலர் நாட்டுக்கு எரிபொருளாகவும் பால்மாவாகவும் மருந்தாகவும் மாறி முடிந்துவிட்டது.

இது ஒரு நானாவின் கதை மட்டுமல்ல. மத்திய வங்கியின் கணக்கில் 2024இல் உல்லாசப் பயணத்துறை தந்தது 3.17 பில்லியன் டொலர். வெளிநாட்டில் உழைப்பவர்கள் அனுப்பியது 6.57 பில்லியன். இரண்டு மடங்குக்கு மேல். 2022இல் வங்கி விலைக்கும் உண்டியல் விலைக்கும் இடைவெளி கூடி, அனுப்பிய தொகை 3.8 பில்லியன் அளவுக்கு விழுந்தபோது அரசாங்கம் என்ன செய்தது? வங்கி வழியாக அனுப்புங்கள், மின்சாரக் கார் இறக்குமதி செய்ய அனுமதிப் பத்திரம் தருகிறோம் என்றது. வாழ்நாள் முழுக்க அடுத்தவருடைய காரை ஓட்டியவருக்கு வயதான காலத்தில் தேவைப்படுவது கார் பெர்மிட் அல்ல. மாதம் ஒரு சிறு தொகை.

தொழிற்சட்டம் எதைக் கொடுக்கிறது என்று பார்த்தால், சவூதியில் கடையிலோ கம்பெனியிலோ வேலை செய்தவருக்குச் சேவைக் கொடுப்பனவு உண்டு: முதல் ஐந்து வருடத்துக்கு வருடமொன்றுக்கு அரை மாதச் சம்பளம், அதற்குப் பிறகு ஒரு மாதச் சம்பளம். 25 வருடத்துக்கு இருபத்திரண்டரை மாதச் சம்பளம் வரும். வீட்டு ஓட்டுநரும் பணிப்பெண்ணும் அந்தச் சட்டத்துக்கு வெளியே. அவர்களுக்கான தனி ஒழுங்குவிதி நான்கு வருடம் முடிந்தால் ஒரு மாதச் சம்பளம் என்கிறது. எங்கள் ஊர்களிலிருந்து போனவர்களில் அதிகமானோர் எந்த விசாவில் போனார்கள்? ஓட்டுநர், பணிப்பெண். இலங்கையில் தோட்டத்திலோ ஆடைத் தொழிற்சாலையிலோ வேலை செய்தவருக்குக்கூட ஊழியர் சேமலாப நிதி இருக்கிறது. இவர்களுக்கு அதுவும் இல்லை.

இனிச் சொல்லப்போவது சிலருக்குக் கசக்கலாம். அந்த 86,400 டொலர் எங்கே போனது என்று நானாவிடம் கேட்டேன். விரலை மடித்தார். மூத்த மகளுக்கு ஒரு வீடு. இளைய மகளுக்கு ஒரு வீடு. நகை. மாப்பிள்ளைக்கு மோட்டார் சைக்கிள். மகனை வெளியே அனுப்ப ஏஜென்சிக்கு. தம்பியின் சிகிச்சைக்கு. இரண்டு வீடும் மகள்மாரின் பெயரில். அவரும் மனைவியும் இளைய மகளின் வீட்டில் ஓர் அறையில் இருக்கிறார்கள். மருமகன் தங்கமான பிள்ளை, அல்ஹம்துலில்லாஹ். ஆனாலும் யோசித்துப் பாருங்கள்: தானே கல் சுமந்து கட்டிய வீட்டில் அவருடைய வதிவிடமும் ஒருவருடைய நல்ல மனதில்தான் தங்கியிருக்கிறது. மஹரைப் பெயருக்கு எழுதி வீட்டைப் பெண் தரப்பில் வாங்கும் பழக்கத்தை மிம்பரில் கண்டிக்கிறோம், கீழே இறங்கி நிகாஹ் பேசும்போது மறந்துவிடுகிறோம். ஒரு தலைமுறையின் ஓய்வூதியம் முழுவதும் சீதன வீடுகளின் கொங்கிறீட்டுக்குள் போயிருக்கிறது. இதற்குக் கபீலும் காரணமில்லை, கொழும்பும் காரணமில்லை.

பணமும் இல்லாமல், போன வருடங்களும் இல்லாமல் வந்து கதவைத் தட்டுகிறவர்கள் பற்றியும் ஒரு வார்த்தை. 2024 டிசம்பரில் முள்ளிவாய்க்கால் கரைக்கு நூறுக்கும் மேற்பட்ட ரோஹிங்யாக்களுடன் ஒரு படகு வந்தது. குழந்தைகளும் கர்ப்பிணிகளும் இருந்தார்கள். கரையோர மக்கள், பெரும்பாலும் யுத்தத்தில் எல்லாவற்றையும் இழந்த தமிழர்கள், சாப்பாடு கொண்டு ஓடினார்கள். பிறகு அவர்களை முல்லைத்தீவில் விமானப்படை முகாமொன்றில் வைத்தார்கள். 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் இலங்கை கையொப்பமிடவில்லை. ஆகவே அவர்களுக்கு இங்கே வதிவிட அனுமதி என்று ஒன்று கிடையாது. வேறொரு நாடு எடுக்கும்வரை காத்திருப்புத்தான். விசா என்ற கடையில் விலை கொடுக்க முடியாதவருக்கு இடம் எங்கே என்பதை அந்தப் படகு காட்டியது. வள்ளத்தில் வந்தவர்களைக் கரையில் இறங்கி ஏந்திய மாவட்டம் எங்களுடையது. அதே மாவட்டத்தில்தான் 'வந்தவர்', 'ஊரவர்' என்ற சொற்களும் முப்பத்தைந்து வருடமாகப் புழங்குகின்றன. வாக்காளர் இடாப்பில் பெயர் மன்னாரிலா புத்தளத்திலா என்ற இழுபறியில், 2019 நவம்பர் 16ஆம் திகதி வாக்களிக்க மன்னாருக்குப் போன பஸ்கள் மீது தந்திரிமலையில் தாக்குதல் நடந்ததும் எங்கள் ஆட்களுக்குத்தான். நானா அதில் ஒரு பஸ்ஸில் இருந்திருப்பார். அந்த மாதம் அவர் றியாதில்.

செய்யக்கூடியது ஒன்றும் இல்லையா? இருக்கிறது, சிறியதாக. அரசாங்க ஓய்வூதியம் இல்லாதவர்களுக்காக 1996ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இலங்கை சமூகப் பாதுகாப்புச் சபை ஓய்வூதியத் திட்டங்களை நடத்துகிறது. பிரதேச செயலகத்தில் அதற்கென உத்தியோகத்தர் இருப்பார். மாதம் கட்டும் தொகையும் சேரும் வயதும் ஓய்வூதியத்தைத் தீர்மானிக்கும். இளமையில் சேர்ந்தால் குறைவாகக் கட்டலாம். அறுபதைத் தாண்டியபின் சேர முடியாது, ஆகவே நானாவுக்கு அந்தக் கதவும் மூடிவிட்டது. வறுமைப்பட்டவர்களுக்கான முதியோர் கொடுப்பனவுக்கு எழுபது வயது ஆக வேண்டும். இன்னும் எட்டு வருடம். அந்த எட்டு வருடத்துக்குத்தான் கற்பிட்டியில் காவல்.

வட்டி கலந்திருக்குமே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. உலமாக்களிடம் போய்க் கேளுங்கள். இந்தத் திட்டம் ஆகாது என்றால் வட்டியில்லா முறையில் சேமிக்கும் வழியையும் அவர்களிடமே கேளுங்கள். கேட்காமலே இருபத்தேழு வருடத்தைக் கடத்திவிடாதீர்கள். பள்ளிவாசல் பரிபாலன சபைகளும் வெளிநாடு போகிறவர்களின் பெயரைச் சந்தாப் புத்தகத்தில் மட்டும் எழுதாமல், போகும்போதே அவர்களை அழைத்து இந்தக் கணக்கைக் காட்டலாம். எங்கள் பாராளுமன்ற உறுப்பினர்களிடம் கேட்க வேண்டியது வேறு: வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிந்து, வங்கி வழியாகப் பணம் அனுப்பியவருக்கு, அவர் அனுப்பிய தொகையின் ஒரு பங்கைக் கணக்கில் வைத்து, சேமலாப நிதியைப் போலச் சட்டமாக ஓர் ஓய்வூதியம். அமைச்சருக்கு அமைச்சர் பெயர் மாறும் திட்டமாக அல்ல. டொலர் கொண்டுவரும் வெளிநாட்டு முதியவருக்கு நிபந்தனைகளை ஒரு தாளில் அச்சிட்டுத் தரும் அரசாங்கத்துக்கு, டொலர் கொண்டுவந்த உள்நாட்டு முதியவருக்கும் ஒரு தாள் அச்சிடுவது பெரிய வேலையல்ல.

நானாவின் மருமகன் கட்டாரில் இருக்கிறார், முப்பத்தொரு வயது, போய் நான்கு வருடம். சனிக்கிழமை விடிய, நானா பஸ்ஸுக்குப் போகுமுன், வட்ஸ்அப்பில் அவரை அழைத்து விஷயத்தைச் சொன்னோம். அவர் கேட்ட முதல் கேள்வி, "மாசம் எவ்வளவு கட்டணும் சேர்?" இரண்டாவது கேள்வி, இருபது வருடம் இருந்தால் கட்டாரில் நிரந்தர வதிவிடம் கிடைக்குமாமே, உண்மையா என்பது. நூறு பேர் கணக்கைச் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. பின்னால் யாரோ அரபியில் அவரைக் கூப்பிட்டார்கள்.

திங்கட்கிழமை இடைவேளையில் பிரதேச செயலகத்துக்குப் போய் விண்ணப்பப் படிவத்தை வாங்கி வந்தேன். பெயர், பிறந்த திகதி, அடையாள அட்டை இலக்கம் எல்லாம் அவருடைய மனைவியிடம் கேட்டு நிரப்பியாயிற்று. கையொப்பம் மட்டும் பாக்கி. டிசம்பரில் லீவில் வருகிறார், இன்ஷா அல்லாஹ்.